வெள்ளவத்தையில் ஒரு பொருத்து வீடு

எங்கள் வீட்டுச் சுவர்கள் லொறியில் வந்தன. கல், மணல், சீமெந்து என்று தனித்தனியாக இல்லை, சுவர்களாகவே வந்தன. எந்தப் பலகை எந்த அறைக்கு, யன்னல் எங்கே, மின்கம்பி எந்த வழியால் இறங்கும் என்பதெல்லாம் முதலே வரைந்து முடிந்திருந்தது. ஒவ்வொரு பலகையிலும் ஓர் இலக்கம். பகல் நெரிசலில் காலி வீதியில் பெரிய லொறியை நிறுத்துவது நடக்கிற காரியமா? இரவில்தான் வந்தது. லேன் முகப்பிலிருந்து ஆட்கள் ஒவ்வொரு பலகையாகத் தூக்கி வந்து அடுக்க, அயல் முழுக்க வாசலில் நின்று பார்த்தது. “என்ன பிள்ளை, வீட்டை ஓடர் பண்ணியே எடுத்தனீங்கள்?” என்றார் முன்வீட்டு மாமி. “ஓம் மாமி, அப்பிடித்தான்” என்றேன். அன்றைக்குத் தொடங்கிய பேச்சை நான் இன்னும் நிறுத்தவில்லை. என் கணவர் கூட, “ஆரும் வீட்டைப் பற்றிக் கேட்டால் நீ மூச்சு விடாமல் கதைக்கிறாய்” என்று சிரிக்கிறார். கதைக்கத்தான் செய்வேன். அப்படியொரு வீடு!

ஆனால் அம்மாவைச் சம்மதிக்க வைப்பது வீட்டைக் கட்டுவதைவிடப் பெரிய வேலையாக இருந்தது. “பொருத்து வீடோ? வடக்கில சனம் வேண்டாமெண்டதை நீ கொழும்பில காசு குடுத்துக் கட்டப் போறியோ?”

அம்மா கேட்டதில் நியாயம் இருந்தது. 2015இலிருந்து இரண்டு மூன்று வருடங்கள் தமிழ்ப் பத்திரிகைகளைத் திறந்தால் பொருத்து வீட்டுச் சண்டைதான். போரில் வீடிழந்தவர்களுக்காக வடக்கிலும் கிழக்கிலும் 65,000 உருக்கு வீடுகள் அமைக்க அரசாங்கம் திட்டமிட்டது. அப்போது மீள்குடியேற்ற அமைச்சர் டி.எம். சுவாமிநாதன். வேலையை ஆர்சலர் மிட்டல் என்ற உலகப் பெரும் உருக்கு நிறுவனத்திடம் கொடுப்பதாக இருந்தது. ஒரு வீட்டுக்குச் சுமார் 21 இலட்சம் ரூபாய் என்று முதலில் பேசப்பட்டது. அதே காலத்தில் கல்வீடு கட்ட அரசாங்கம் கொடுத்த தொகை 8 இலட்சம். அதற்கு முன் தொடங்கிய இந்திய வீட்டுத் திட்டத்தில் ஒரு குடும்பத்துக்குக் கிடைத்தது ஐந்தரை இலட்சம். வன்னி வெயிலில் தகட்டுச் சுவருக்குள் எப்படி இருப்பது, விறகடுப்புப் புகை எங்கே போவது, பிள்ளைக்குக் கலியாணம் என்றால் ஓர் அறையை எப்படிக் கூட்டிக் கட்டுவது, ஊர் மேசனுக்கு என்ன வேலை மிஞ்சும் என்று சனம் கேட்டது. பொறியியலாளர்களும் கட்டடக் கலைஞர்களும் அதையே கணக்குப் போட்டு எழுதினார்கள். கடைசியில் திட்டம் நின்றுபோனது.

எதிர்த்தவர்கள் பக்கம்தான் நியாயம் என்று நான் இன்றைக்கும் சொல்வேன். இருக்கப் போகிறவரைக் கேட்காமல் வெளியில் யாரோ தெரிவுசெய்த வீடு அது. காணி இருக்கிறது, மணலும் கல்லும் பக்கத்தில், மேசன் அடுத்த வளவில். அங்கே எதற்கு உருக்குப் பெட்டி? வெள்ளவத்தையில் நிலைமை தலைகீழ். எங்களிடம் இருப்பது ஐந்து பேர்ச். இரண்டு பக்கமும் தொடர்மாடிகள் எழுந்து நிற்கின்றன. மணலை இறக்கினால் அது ஒழுங்கையில்தான் கிடக்கும். சீமெந்துக் கலவை இயந்திரம் வைத்தால் அடுத்த வீட்டுப் பிள்ளைக்குப் படிப்பு இல்லை. இப்படியான இடத்துக்கென்றே கண்டுபிடித்தது போல இருக்கிறது, பாகங்களை வேறெங்கோ செய்து கொண்டுவந்து பொருத்துகிற முறை.

உருக்குச் சட்டம் வேண்டாம் என்பதில் மட்டும் நாங்களும் உறுதியாக இருந்தோம். கடற்கரைப் பக்க லேனில் இருப்பவர்களுக்குக் காரணம் சொல்லத் தேவையில்லை. மெரின் டிரைவிலிருந்து வரும் உப்புக்காற்று கேற்றைத் தின்னும், யன்னல் கம்பியைத் தின்னும், ஏசியின் வெளிப்பெட்டியைத் தின்னும். மெல்லிய உருக்குச் சட்டத்தைச் சுவருக்குள் மூடி வைத்துவிட்டு உள்ளே என்ன நடக்கிறதென்று எப்படித் தெரிந்துகொள்வது? ஆகவே இலகு கொங்கிறீட் பலகை.

இந்தப் பலகையைப் பற்றி நான் பக்கம் பக்கமாக எழுதுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள். இரண்டு பக்கமும் சீமெந்து நார்த் தகடு, நடுவே சீமெந்துக் கலவை. அந்தக் கலவைக்குள் கல்லுக்குப் பதிலாக ரெஜிபோம் மணிகள். ஆம், தொலைக்காட்சிப் பெட்டிக்குள் வருகிற அதே வெள்ளை ரெஜிபோம். வெட்டிய முகத்தைப் பார்த்தால் எள்ளுருண்டையை உடைத்துப் பார்த்தது போலிருக்கும். ஒரு பலகை ஏறக்குறைய 8 அடி உயரம், 2 அடி அகலம், 3 அல்லது 4 அங்குலத் தடிப்பு. ஒரு பலகையின் நாக்கு அடுத்த பலகையின் பள்ளத்துக்குள் போய் இறுகும், இடையே பசைச் சீமெந்து. அவ்வளவுதான், சுவர். பூச்சு வேலை கிடையாது. மூட்டுகளில் வலைநாடா ஒட்டி மெழுகிவிட்டால் நேரே பெயின்ற்.

மொரட்டுவைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் திஷான் ஜயசிங்கவும் அவருடைய ஆய்வுக் குழுவினரும் இத்தகைய பலகைகளின் பலத்தைச் சோதித்து 2017இல் கட்டுரை வெளியிட்டிருக்கிறார்கள். கலவைக்குப் போகிற ரெஜிபோமில் பாதிவரை, பாவித்து எறிந்ததை நொறுக்கி எடுத்ததாக இருக்கலாம் என்பது அவர்கள் வேலையில் எனக்கு மிகப் பிடித்த பகுதி. கொழும்பில் வாய்க்காலை அடைக்கிற குப்பைகளில் ரெஜிபோம் எவ்வளவென்று மழை நாளில் வெள்ளவத்தைக் கால்வாயோரம் நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும். அது வாய்க்காலில் மிதக்காமல் என் படுக்கையறைச் சுவருக்குள் இருப்பதில் எனக்குப் பரம திருப்தி. ரெஜிபோம் பெற்றோலியத்தில் பிறந்த பொருள், அதைப் பசுமை என்று சொல்லலாமா என்று நண்பர் ஒருவர் மடக்கினார். தனியே எடுத்தால் சொல்ல முடியாதுதான். ஆனால் உலகம் வெளிவிடும் காபனீரொட்சைட்டில் நூற்றுக்கு ஏழு எட்டுப் பங்கு சீமெந்து உற்பத்தியால் வருகிறது. ஆற்று மணலை அள்ளி அள்ளி நமது ஆறுகள் பள்ளமாகிவிட்டன. சீமெந்தையும் மணலையும் குறைக்கிற சுவர், அதுவும் குப்பையைத் தின்கிற சுவர் என்றால் நான் அதன் கட்சி.

அம்மாவின் இரண்டாவது கேள்வி வேறு மாதிரியானது. “நெருப்புப் பிடிச்சால்?” எங்கள் பழைய வீடு 83 ஆடிக் கலவரத்தில் எரிந்த வீடு. சுவர் நின்றது, கூரை போனது. பிறகு அஸ்பெஸ்டஸ் சீற் போட்டு நாற்பது வருடம் ஓட்டினோம். இந்தக் கேள்வியை அம்மா கேட்டபோது நாங்கள் யாரும் சிரிக்கவில்லை. உண்மையாகவே தேடிப் படித்தோம். 2017இல் லண்டன் கிரென்ஃபெல் கோபுரத்தில் 72 உயிர்களைக் குடித்த தீ பரவியது, இரண்டு அலுமினியத் தகடுகளுக்கு நடுவே பிளாஸ்டிக் வைத்த வெளிப்பூச்சுப் பலகைகளால். எங்கள் பலகையில் ஒவ்வொரு மணியும் சீமெந்துக்குள் புதைந்திருக்கிறது, மேலே சீமெந்துத் தகடு மூடியிருக்கிறது. தீ தாவிப் போக வழி இல்லை. இரண்டையும் ஒரே பெயரில் விற்பவர்கள் உண்டு. ஆகவே எத்தனை மணி நேரம் தீயைத் தாங்கும் என்று சோதித்த சான்றிதழைக் கையில் வாங்கிப் பார்த்த பிறகுதான் முற்பணம் கொடுத்தோம். துண்டுப் பலகை ஒன்றைக் கேட்டு வாங்கி, முற்றத்தில் விறகு மூட்டி அதற்கு மேல் போட்டார் இவர். பலகை கறுத்தது, எரியவில்லை. அம்மா பேசாமல் உள்ளே போய் எல்லோருக்கும் தேத்தண்ணி போட்டார். சம்மதம் என்று அர்த்தம்.

மேல்தட்டுக்கு வருகிறேன். இதைச் சொல்லும்போது எனக்குக் குரல் உயர்ந்துவிடும். ஜா-எலவுக்குப் பக்கத்தில் ஏக்கலவில் தேசிய பொறியியல் ஆராய்ச்சி அபிவிருத்தி நிலையம் இருக்கிறது. எல்லோரும் நேர்ட் என்பார்கள். 1974இல் அதைத் தொடங்கியவர் பொறியியலாளர் ஏ.என்.எஸ். குலசிங்க. அதற்கு முன் அரச பொறியியல் கூட்டுத்தாபனத்தின் முதல் தலைவர். களுத்துறையில் உள்ளே வெறுமையாக நிற்கிற தாதுகோபம், கொழும்பில் 1965இல் எழுந்த கோள்மண்டலம் இரண்டும் அவருடைய கைவண்ணம். பள்ளிக்கூடத்திலிருந்து கோள்மண்டலத்துக்குக் கூட்டிப் போனார்கள்; உள்ளே இருட்டில் நட்சத்திரம் காட்டினார்கள்; வெளியே மடிப்பு மடிப்பாக எழும் அந்தக் கொங்கிறீட்டைப் பார் என்று ஒருவரும் சொல்லவில்லையே!

அந்த நேர்ட் நிலையம் தந்த தட்டு முறைதான் எங்கள் மேல்மாடி. கம்பியை முதலே இழுத்து இறுக்கி வார்த்த மெல்லிய கொங்கிறீட் வளைகள் பட்டறையிலிருந்து வருகின்றன. அவற்றைச் சுமார் 2 அடிக்கு ஒன்றாகச் சுவரிலிருந்து சுவருக்கு வைக்கிறார்கள். இடைவெளிகளில் தகட்டை வளைகளே தாங்கும்படி வைத்து, மேலே கம்பி வலை விரித்து, 2 அங்குலம் கொங்கிறீட் ஊற்றினால் தட்டு. வழமையாகத் தட்டுப் போட்டால் கீழே முட்டுக்கால் காடு வளர்ந்துவிடும், வாரக்கணக்கில் உள்ளே கால் வைக்க ஏலாது. எங்களுக்கு மேலே கொங்கிறீட் காயும்போதே கீழே வயர் வேலை நடந்தது. நமது நாட்டு மூளை, நமது நாட்டுப் பட்டறை, எத்தனையோ காலமாக இருக்கிறது. இத்தனை காலமும் ஏன் எல்லோரும் இதைச் செய்யவில்லை?

முற்றம் எனக்கு வேண்டும் என்று அடம்பிடித்தேன். ஐந்து பேர்ச்சில் முற்றமா என்று வரைபடக்காரத் தம்பி தயங்கினார். லுனுகங்காவில் நிற்கிற ஈனா டி சில்வா வீட்டைப் போய்ப் பார்த்துவிட்டு வரும்படி நான் அவருக்குச் சொன்னேன். கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா 1960களின் தொடக்கத்தில் பத்திக் கலைஞர் ஈனா டி சில்வாவுக்காகக் கொள்ளுப்பிட்டி அல்பிரட் பிளேஸில் கட்டிய வீடு, சுற்றுமதிலுக்குள் முற்றங்களைப் பார்த்துத் திரும்பி இருக்கிற வீடு. நகரத்துச் சின்னக் காணியிலும் வானத்தை வீட்டுக்குள் கொண்டுவரலாம் என்று கொழும்புக்குக் காட்டிக் கொடுத்தது அது. 2009ஐ ஒட்டி அந்தக் காணி கைமாறியபோது வீட்டை இடிக்கவில்லை. கழற்றினார்கள்! கல், தூண், கதவு, ஓடு என்று ஒவ்வொன்றுக்கும் அடையாளமிட்டு, பெந்தோட்டைக்குப் பக்கத்திலுள்ள பாவாவின் லுனுகங்காத் தோட்டத்துக்குக் கொண்டுபோய் அங்கே திரும்பப் பொருத்தினார்கள். 2016இல் வீடு மறுபடி எழுந்து நின்றது. வீடு என்பது கழற்றிப் பூட்டக்கூடிய பொருள் என்பதை நம்பாதவர்கள் யாராவது இருந்தால் போய்ப் பார்த்து வரலாம்.

தம்பி போய் வந்தார். எட்டடிக்கு ஆறடியில் ஒரு முற்றம் கிடைத்தது. யாழ்ப்பாணத்து நாற்சார் வீட்டில் பிறந்த அம்மாவுக்கு அது போதவே போதாது, ஆனாலும் பிள்ளையார் மாடத்தை அதைப் பார்த்தபடிதான் வைத்தார். கடல் பக்க யன்னலையும் முற்றத்தையும் திறந்து விட்டால் காற்று வீட்டுக்குள்ளால் நடந்து போவது தெரியும். முன்பு மாலை ஏழு மணிக்கும் சுவர் கொதிக்கும். தடித்த கல்லுச் சுவர் பகல் முழுக்க வெயிலை வாங்கி வைத்து இரவில் திருப்பித் தரும். இந்தப் பலகைச் சுவர் வெயிலை வாங்கியும் வைப்பதில்லை, உள்ளே விடுவதும் குறைவு. பகல் இரண்டு மணிக்கு மேற்குச் சுவரின் உட்பக்கத்தில் கன்னத்தை வைத்துப் பார்க்கும்படி விருந்தாளிகளை நான் வற்புறுத்துகிறேன். சிலர் வைக்கிறார்கள்.

பழைய கூரையைக் கழற்றுவதில் பயந்து பயந்துதான் வேலை பார்த்தோம். அஸ்பெஸ்டஸ் சீற் உடைந்து தூள் பறந்தால் நுரையீரலுக்கு நஞ்சு. தண்ணீர் தெளித்து நனைத்து, முகமூடி போட்டு, ஆணியைக் கழற்றி முழுசாக இறக்க வேண்டும். சுத்தியலால் உடைக்கவே கூடாது. இந்த நாட்டில் அதைத் தடை செய்யப் புறப்பட்ட கதை தெரியும்தானே? 2018இலிருந்து அஸ்பெஸ்டஸ் இறக்குமதியைக் கட்டுப்படுத்தப் போவதாக அரசாங்கம் சொன்னது. 2017 டிசம்பரில் ரஷ்யா, தேயிலைப் பெட்டியில் வண்டு இருந்ததென்று சொல்லி நமது தேயிலையை நிறுத்தியது. அஸ்பெஸ்டஸ் விற்கிற பெரிய நாடும் ரஷ்யாதான். சில நாட்களில் நமது தடை காணாமல் போனது, தேயிலை மீண்டும் கப்பல் ஏறியது. எங்கள் கூரையில் இப்போது, இடித்த வீடுகளிலிருந்து வாங்கிக் கழுவிய பழைய ஓடு. அதற்கு மேல் சோலர்.

சோலர் பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் பலருக்கு இது தெரியாது. 2016இல் சூரிய பல சங்கிராமய என்ற கூரைச் சோலர்த் திட்டம் தொடங்கிய பிறகு கொழும்பில் நிறையக் கூரைகளில் தகடு ஏறிவிட்டது. ஆனால் மின்சார சபையின் இணைப்போடு மட்டும் ஓடுகிற சோலர், மின்வெட்டு வந்தால் தானும் நின்றுவிடும். கம்பியில் வேலை செய்கிற ஊழியருக்கு மின் அடிக்கக் கூடாதென்பதற்காகவே அப்படிச் செய்திருக்கிறார்கள். 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் வெட்டினார்களே, அப்போது கூரையில் வெயில் கொட்ட, கீழே விசிறி சுற்றாமல் இருந்தவர்களை எனக்குத் தெரியும். நாங்கள் பற்றரியும் சேர்த்தே போட்டோம். செலவுதான். ஆனால் அந்த வருடத்தை வாழ்ந்தவர்களிடம் அதில் சிக்கனம் பார்க்கச் சொல்லாதீர்கள்.

மழைநீர்க் கணக்கு எனக்கு இன்னும் ஆச்சரியம். ஒரு சதுர மீற்றர் கூரையில் ஒரு மில்லிமீற்றர் மழை பெய்தால் ஒரு லீற்றர். கொழும்பில் வருடத்துக்கு ஏறக்குறைய 2,400 மில்லிமீற்றர் மழை. எங்கள் 800 சதுர அடிக் கூரையில் ஒன்றேமுக்கால் இலட்சம் லீற்றர் விழுகிறது! அவ்வளவையும் பிடிக்க இடமில்லை, ஆனாலும் மலசலகூடத்துக்கும் உடுப்புத் தோய்க்கவும் பூஞ்சாடிக்கும் நாங்கள் குழாய்த் தண்ணீரைத் தொடுவது அரிது. தாங்கியின் வாய்க்கு நுண்வலை போட்டே ஆக வேண்டும். நுளம்பு முட்டையிட்டால் சுகாதாரப் பரிசோதகர் வந்து வழக்குப் போடுவார், போடவும் வேண்டும். 2017இல் இலங்கையில் 1,86,000 பேருக்கு மேல் டெங்கு கண்டது. பாதியில் நிற்கிற கட்டட வேலைத்தலங்களில் தேங்குகிற தண்ணீருக்கு அதில் பெரிய பங்கு. வருடக்கணக்கில் இழுபடாமல் சில மாதங்களில் முடிந்துபோகிற வேலைத்தலம் அயலுக்கே நன்மை. முன்வீட்டு மாமி இன்றைக்கும் இதைத்தான் பெரிதாகச் சொல்கிறார்: “உங்கட வீட்டு வேலையில என்ர யன்னலுக்கு ஒரு தூசு வரேல்லை.”

குறையே இல்லையா? இருக்கிறது. கண்ட இடத்தில் ஆணி அடிக்க முடியாது. பாரமான அலுமாரியைத் தொங்கவிட வேண்டுமென்றால் அதற்கான ஆணியும் திருகும் வேறு. பலகை பொருத்திப் பழகிய வேலையாட்கள் குறைவு, நல்லவர்களுக்குக் காத்திருக்க வேண்டும். மூட்டை அவசரமாக மெழுகினால் மயிரிழை வெடிப்பு வரும். இன்னொன்று, முதலில் போன வங்கியில் கடன் அதிகாரி “இது நிரந்தரக் கட்டடமோ?” என்று ஐந்து தடவை கேட்டுக் கோப்பை மூடிவிட்டார். மாநகர சபையின் அனுமதியையும் பொறியியலாளரின் கடிதத்தையும் கொண்டுபோன இரண்டாவது வங்கி ஒரு கேள்வியும் கேட்கவில்லை. மலிவா என்றால், இல்லை. பலகைக்குக் கொடுக்கிற காசு கல்லுக்குக் கொடுப்பதைவிடக் கூட. பூச்சுக் கூலி, வாடகை வீட்டுச் செலவு, வீண்போகிற மணலும் சீமெந்தும் என்று கழித்துப் பார்த்தால் ஏறக்குறைய சமன்.

கொட்டாஞ்சேனை மச்சாள் வந்து பார்த்ததிலிருந்து இப்போது அவவுக்கும் பித்துப் பிடித்துவிட்டது. ஜம்பட்டா வீதிக்கு உள்ளே, புனித லூசியா பேராலயத்து மணி கேட்கிற தூரத்தில், சுவரோடு சுவர் ஒட்டிய பழைய வரிசை வீடு. மகனுக்குக் கலியாணம், மேலே ஓர் அறை வேண்டும். கல்லும் கொங்கிறீட்டும் ஏற்றினால் பழைய சுண்ணாம்புச் சுவரும் அத்திவாரமும் தாங்காது, பொதுச் சுவரில் வெடிப்பு விழுந்தால் பக்கத்து வீட்டோடு தலைமுறைப் பகை. இந்தப் பலகையின் பாரம் பூசிய கல்லுச் சுவரில் ஏறக்குறைய கால்வாசிதான். பொறியியலாளர் அத்திவாரத்தைத் தோண்டிப் பார்த்துவிட்டுப் புதிதாக நாலு தூண் மட்டும் கேட்டிருக்கிறார். அங்கே கடற்காற்று எங்கள் லேனைவிடக் குறைவு, என்றாலும் உருக்குத் தூண் வேண்டாம், கொங்கிறீட்டே வை என்று நான் போய்ச் சத்தம் போட்டுவிட்டு வந்தேன். நிலை வைக்கிறதுக்கு நாளும் பார்த்தாயிற்று. பலகை வீட்டில் நிலை வைக்கலாமோ என்று மச்சாளுக்கும் சந்தேகம். எங்கள் வீட்டில் மரக் கதவு நிலைதான் முதலில் நட்டது, மாவிலை கட்டி, நவதானியம் போட்டு, எல்லாம் முறைப்படி.

வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ பழைய வீட்டை இடிக்க யோசிக்கிறவர்களே, மேசனோடு விலை பேச முதல் ஒரு பொருத்து வீட்டுக்குள் போய் ஒரு பகல் முழுக்க இருந்து பாருங்கள். விற்பவரிடம் தீச் சோதனைச் சான்றிதழ் கேளுங்கள், ஒரு துண்டுப் பலகை கேளுங்கள், பொருத்தப் போகிற ஆட்கள் முன்பு செய்த வீட்டின் முகவரி கேளுங்கள். மூன்றையும் தராதவருக்கு முற்பணம் கொடுக்க வேண்டாம்.